லைசென்ஸ் ஸ்டிக்கர் இருந்துச்சு, இன்சூரன்ஸ் இல்ல: மாமாட காரை எடுத்துட்டுப் போன தம்பிக்கு

நிலாவெளிப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்கார். ஆள அடையாளம் தெரியாம இருக்க சில விபரங்கள மாத்தியிருக்கன், மத்தபடி விசயம் அவர் சொன்ன மாதிரியேதான்.

வயசு 31, ஹோட்டல்ல வேலை. எட்டு நாளைக்கு முதல் விடியக்காலம நாலரை மணி போல மனைவிக்கு பிரசவ வலி வந்திருக்கு, சொன்ன திகதிக்கு ரெண்டு கிழமை முந்தியே. இவருக்கு லீசிங்ல எடுத்த வேகன்ஆர் ஒண்டு இருக்கு, ஃபுல் இன்சூரன்ஸ், ஆனா அது கராஜ்ல. பக்கத்து வளவுல இருக்கிற மாமாவ எழுப்பி அவர்ட பழைய சன்னி கார் திறப்பை வாங்கியிருக்கார். ஏறேக்க போன் லைட்ட அடிச்சு முன் கண்ணாடிய பாத்திருக்கார், காருக்கு எடுக்கிற வருமான லைசென்ஸ் ஸ்டிக்கர் இன்னும் முடியல. சரி எண்டு வெளிக்கிட்டு, சாம்பல்தீவு பாலத்துக்கு கிட்ட சைக்கிள்ல மீன் கொண்டு வந்த ஒரு ஐயாவ தட்டிட்டார். ரெஜிபோம் பெட்டி உடைஞ்சு ஐசும் சூடை மீனும் ரோட்டெல்லாம் சிதறிட்டு, ஐயாட வலது கால் முழங்காலுக்கு கீழ முறிஞ்சிருக்கு. இவர் ஓடல. அந்த ஐயாவையும் அதே கார்ல பின் சீட்டுல ஏத்தி திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய் சேத்திருக்கார். ஆறரைக்கு பொம்பிளப்பிள்ளை பிறந்திருக்கு, தாயும் பிள்ளையும் சுகம்.

அண்டு பகல் பொலிஸ்ல வாக்குமூலம் குடுக்கேக்க இன்சூரன்ஸ் கார்ட் எங்க எண்டு கேட்டிருக்காங்க, "வீட்ட இருக்கும், கொண்டு வாறன்" எண்டு சொல்லிட்டு வந்து தேடினா, மாமாட அலுமாரியில இருந்த கார்ட் முடிஞ்சு அஞ்சு மாசம். கார் இப்ப பொலிஸ் வளவுல நிக்குது. அவர்ட கேள்விகள சுருக்கினா இதுதான்: கூட்டாளி ஒருத்தர் பழைய திகதி போட்டு கார்ட் எடுத்து தாறன் எண்டுறார், எடுக்கலாமா? என்ட சொந்த ஃபுல் இன்சூரன்ஸ் இதுக்கு வேலை செய்யாதா, லண்டன்ல இருக்கிற அண்ணா செய்யும் எண்டுறார்? கார்ல இல்லாத மாமாவையும் கேஸ்ல இழுப்பாங்களா? ஐயாட மகன் 75,000 ரூபாவுக்கு கடிதம் எழுதி முடிச்சுத்தாறன் எண்டுறார், அதோட முடிஞ்சுதா?

தம்பி, முதல் விசயம், அடிபட்ட மனுசன ரோட்டுல விட்டுட்டு போகாம ஏத்திக்கொண்டு போனீங்களே, அதுவும் மனைவி பக்கத்துல வலியில கத்திக்கொண்டு இருக்கேக்க. நிப்பாட்டி உதவி செய்ய வேண்டியது சட்டப்படியும் உங்கட கடமைதான், ஆனா இருபது வருசமா சட்டத்தரணியா கோர்ட்ல நிக்கிற எனக்கு தெரியும் எத்தின பேர் அதை செய்யாம போறாங்க எண்டு. நாளைக்கு உங்களுக்காக பேசப்போற விசயத்துல இதுதான் பெரிசு. அதை அந்த கார்ட் விசயத்தால நாசமாக்கிப் போடாதீங்க.

பழைய திகதி கார்ட்

எடுக்க வேணாம். கூட்டாளிக்கு இண்டைக்கே போன் எடுத்து வேணாம் எண்டு சொல்லுங்க.

இப்ப இன்சூரன்ஸ் போடுற நேரம் கம்பனி சிஸ்டத்துல நாள், மணி எல்லாம் விழும். பொலிஸ் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி இந்த நம்பருக்கு இந்த திகதியில பொலிசி இருந்துச்சா எண்டு கேட்டா பதில் வந்திரும், விபத்து கேஸ்ல அது வழமையா கேக்கிற கேள்விதான். அந்த பதில் வாற நேரம் உங்கட கையில இருக்கிறது இன்சூரன்ஸ் இல்லாத கேஸ் இல்ல, பொய் ஆவணம் காட்டின கேஸ். முந்தினது பைன் கட்டி வெளிய வரக்கூடியது, பிந்தினது மோசடி, உங்கட ஹோட்டல் வேலைக்கு பொலிஸ் ரிப்போட் கேக்கிற இடம் வந்தா அது உங்கள விடாது. கூட்டாளியும், கார்ட் அடிச்சுக் குடுத்தவரும் சேந்து மாட்டுவாங்க.

நீங்க செய்ய வேண்டியது, ஒரு சட்டத்தரணியோட பொலிஸுக்கு போய் மேலதிகமா ஒரு வாக்குமூலம் குடுக்கிறது. "கார்ட் இருக்கும் எண்டு நினைச்சு சொன்னன், வீட்ட போய் பாத்தா முடிஞ்சு இருக்கு, இதான் அந்த கார்ட்" எண்டு பழைய கார்டையே குடுங்க. நீங்க அண்டைக்கு சொன்னது தெரியாம சொன்னது, அதை நீங்களே போய் திருத்தினா தெரியாம சொன்னதாவே இருக்கும். அவங்க கண்டுபிடிச்சா பொய்யாயிரும்.

இன்னொரு விசயம், "பொலிஸ்ல என்ட்ரி போடாம முடிச்சிருக்கலாம்" எண்டு மாமா சொல்றதா எழுதியிருக்கீங்க. ஏலாது. ரோட்டுல அடிபட்டு வாற ஆள ஆஸ்பத்திரியில சேக்கிற நேரமே அங்க இருக்கிற பொலிஸ் போஸ்ட்டுக்கு தகவல் போகும், சட்ட வைத்திய அதிகாரிட பரிசோதனையும் நடக்கும். அதால மாமாட்ட சொல்லுங்க, அந்த வழி முதல்ல இருந்தே இல்ல எண்டு.

ஸ்டிக்கர் இருந்தா இன்சூரன்ஸ் இருக்கு எண்டு அர்த்தமா?

உங்கட கடிதத்துல என்னை ஆகவும் யோசிக்க வச்ச இடம் இது, ஏனெண்டா நூறு பேர்ட்ட கேட்டா நூறு பேரும் உங்கள மாதிரித்தான் நினைக்கிறாங்க. பிரதேச செயலகத்துல வருமான லைசென்ஸ் எடுக்க இன்சூரன்சும் புகைப் பரிசோதனை சேட்டிபிக்கட்டும் கட்டாயம் வேணும், அதால லைசென்ஸ் இருந்தா இன்சூரன்ஸ் இருக்கத்தானே வேணும் எண்டு. ஆனா அவங்க பாக்கிறது லைசென்ஸ் எடுக்கிற அந்த நாள்ல இன்சூரன்ஸ் இருக்கா எண்டு மட்டும். மாமா லைசென்ஸ் எடுத்த நேரம் அவர்ட இன்சூரன்ஸ் முடிய கொஞ்ச நாள்தான் இருந்திருக்கும். எடுத்துட்டார், ஸ்டிக்கரை ஒட்டிட்டார், கார் அதிகமா ஓடுறதும் இல்ல, இன்சூரன்ஸ் முடிஞ்சது அவருக்கே ஞாபகம் இல்ல. ரெண்டு திகதியும் தனித்தனி. ஸ்டிக்கர் கண்ணாடியில கண்ணுக்கு முன்னால நிக்குது, கார்ட் அலுமாரியில கிடக்குது.

நீங்க ஸ்டிக்கரை பாத்துட்டுத்தான் எடுத்தீங்க எண்டுறதை நான் நம்புறன். ஆனா "எனக்கு தெரியாது" எண்டுறதை மட்டும் நம்பி கோர்ட்டுக்கு போகாதீங்க, தெரியாம ஓடினாலும் இன்சூரன்ஸ் இல்லாத வாகனம் இன்சூரன்ஸ் இல்லாத வாகனம்தான். தண்டனை எவ்வளவு எண்டு பாக்கிற இடத்துல நீதவானுக்கு சொல்ல வேண்டிய விசயம் அது.

பைன் சின்னக் காசு எண்டு நினைச்சிராதீங்க. 2017ஆம் ஆண்டுக்கான பட்ஜட்டுல ஆகக்குறைஞ்சது 25,000 ரூபா பைன் எண்டு சொன்ன ஏழு குற்றங்கள் ஞாபகம் இருக்கும், தனியார் பஸ்காரங்க ஸ்ட்ரைக் செஞ்சாங்களே, அந்த ஏழுல குடிச்சிட்டு ஓடுறதோட, சாரதி லைசென்ஸ் இல்லாம ஓடுறதோட, இன்சூரன்ஸ் இல்லாம ஓடுறதும் ஒண்டு. அரசாங்கம் இதை அந்த வரிசையில வச்சுத்தான் பாக்குது.

இன்சூரன்ஸ் வாகனத்துக்கு, உங்களுக்கு இல்ல

உங்கட வேகன்ஆர் ஃபுல் இன்சூரன்ஸ் பொலிசிய எடுத்து முதல் பக்கத்த பாருங்க. வாகன நம்பர், எஞ்சின் நம்பர், செசி நம்பர் இருக்கும். கம்பனி பொறுப்பெடுத்தது அந்த வாகனம் ரோட்டுல செய்யிற சேதத்துக்கு. நீங்க அதுல இருந்து இறங்கி சன்னியில ஏறினா பொலிசி உங்களோட சேந்து ஏறாது. உங்கட கம்பனிக்கு அறிவிச்சு பாக்கிறதால நட்டம் ஒண்டும் இல்ல, பொலிசியில வேற வாகனம் ஓடுறது சம்பந்தமா ஏதும் வசனம் இருக்கா எண்டு ஒருக்கா கேளுங்க, ஆனா அதை நம்பி இருக்க வேணாம்.

இதையே மற்றப் பக்கத்தால பாத்தா உங்களுக்கு நல்லது. உங்கட வேகன்ஆரை நீங்க சம்மதிச்சு உங்கட மச்சான் ஓடினாலும், அவர்ட்ட காருக்குரிய பி வகுப்பு லைசென்ஸ் இருந்தா, சாதாரணமா உங்கட இன்சூரன்ஸ் நிக்கும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும் இருக்கிற ஆளுட்ட குடுத்தா நிக்காது, கம்பனி கையை விரிக்கும், இல்லாட்டி அடிபட்டவருக்கு குடுத்துட்டு உங்களிட்ட திருப்பி கேக்கும். நிலாவெளியில சீசன் நேரம் சொந்தக் கார்ல ஹோட்டல் ஆக்களுக்கு ஹயர் ஓடுறதும் அப்படித்தான், தனிப்பட்ட பாவனைக்கு எண்டு எடுத்த பொலிசி காசுக்கு ஆள் ஏத்தின ஓட்டத்துக்கு வராது. நீங்க ஹோட்டல்ல இருக்கிறதால இதை சொல்லிவைக்கிறன், உங்களுக்கு தெரிஞ்ச பெடியன்கள் நிறைய பேர் இதை செய்யிறாங்க.

மாமா

கார்ல இருக்கல எண்டதால மாமா தப்பிட்டார் எண்டு நினைக்க வேணாம். 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துல 99ஆம் பிரிவு, மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் (வாகனம் அடிச்ச வெளியாளுக்கு நட்டஈடு குடுக்கிற இன்சூரன்ஸ்) இல்லாம வாகனத்த பாவிக்கிறதை மட்டும் இல்ல, இன்னொருத்தர் பாவிக்க விடுறதையும் தடை செய்யுது. திறப்பை குடுத்த கையும் அதுக்குள்ள வரும். அதால அவருக்கும் தனியா ஒரு குற்றச்சாட்டு வரலாம், அவர் முன்னுக்கே தயாரா இருக்கிறது நல்லம்.

நட்டஈடு வேற கதை. கார் அவர்ட பெயர்ல இருக்கு எண்ட ஒரே காரணத்துக்காக நீங்க விட்ட பிழைக்கு அவர் காசு கட்ட வேணும் எண்டு தானா வராது, நீங்க அவர்ட வேலையா போகல, உங்கட தேவைக்கு இரவல் வாங்கிட்டு போனீங்க. ஆனா வழக்கு போடுற பக்கத்து சட்டத்தரணி அவரையும் பிரதிவாதியா சேத்துப்போட்டு பாப்பார், நானா இருந்தாலும் அதைத்தான் செய்வன். மாமா தனக்கெண்டு தனியா ஒரு சட்டத்தரணிட்ட பேசட்டும், உங்க ரெண்டு பேர்ட நிலைமையும் ஒண்டில்ல.

ஒரு சந்தேகம், கடிதத்துல நீங்க சொல்லாத விசயம், சீஆர் புக், அதான் வாகனப் பதிவுப் புத்தகம், மாமாட பெயர்ல இருக்கா? இங்க பழைய கார் பாதி ஓபன் பேப்பர்லதான், அதாவது பதிவுல பெயர் மாத்தாமலே, கை மாறுது. அப்படி எண்டா எப்பவோ கார வித்துட்டு கந்தளாயிலயோ மூதூர்லயோ நிம்மதியா இருக்கிற ஒரு மனுசன்ட வீட்டுக்குத்தான் முதல்ல பொலிஸ் போகும். அதை இப்பவே பாத்து சொல்லுங்க. இனி ஓட யோசினை இல்லாட்டி பிரதேச செயலகத்துல பாவிக்கிறதில்ல எண்டு அறிவிச்சுட்டு வளவுல நிப்பாட்டுங்க, ஓடுறதெண்டா இன்சூரன்ஸ் போடாம கேற்றால வெளிய எடுக்கவே கூடாது.

ஐயாட காலும் 75,000 ரூபாவும்

இதுல நான் கொஞ்சம் கண்டிப்பா சொல்லப்போறன், கோவிக்காதீங்க. இன்சூரன்ஸ் இருந்திருந்தா இந்த ஐயாவுக்கு ஒரு கம்பனி பதில் சொல்லியிருக்கும். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் எண்டு ஒண்டை சட்டம் கட்டாயமாக்கி வச்சிருக்கிறதே ரோட்டுல போற இப்படியான ஆளுக்காகத்தான். இப்ப அந்த இடத்துல நீங்கதான் நிக்கிறீங்க.

கடிதம் எழுதிட்டா பொலிஸ் கேஸ் முடியாது. எலும்பு முறிஞ்சா தண்டனைச் சட்டக்கோவைப்படி அது கடுங்காயம், கவனயீனமா ஓடி கடுங்காயம் விளைவிச்ச வழக்கு போடுறது பொலிஸ், ஐயாட மகன் இல்ல. அவர் மன்னிச்சு எழுதினாலும் அது நீதவான் பாக்கிற பல விசயங்கள்ல ஒண்டு, அவ்வளவுதான். நட்டஈட்டுக்கு சிவில் வழக்கு போட அவருக்கு விபத்து நடந்த நாள்ல இருந்து ரெண்டு வருசம் இருக்கு.

அப்ப காசு குடுக்க வேணாமா? குடுங்க. ஆனா "முழுதும் தீர்ந்தது" எண்டு கையெழுத்து வாங்குற அவசரத்துல குடுக்காதீங்க. கால்ல கம்பி வச்சாங்களா, எப்ப எடுப்பாங்க, திரும்ப சைக்கிள் மிதிக்க ஏலுமா, இது ஒண்டும் எட்டு நாள்ல தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம்தான், ஆனா அவர் விடிய எழும்பி மீன் எடுத்து வீடு வீடா வித்தாத்தான் அண்டைக்கு வீட்ட உலை கொதிக்கும். மூண்டு நாலு மாசம் உழைப்பு இல்லாட்டி 75,000 எந்த மூலைக்கு? பொலிஸ் நிலையத்து வாசல்ல வச்சு சின்னக் காசுக்கு கையெழுத்து வாங்கின கடிதங்கள நான் நிறைய பாத்திருக்கன், ஒரு வருசத்தால கால் கோணிப்போன உடனே அந்த குடும்பம் திரும்ப வந்து கோர்ட்டுல நிக்கும், வயித்தெரிச்சலோட நிக்கும்.

அதால இப்படி செய்யுங்க. சைக்கிளை திருத்தி அல்லது புதுசா வாங்கிக் குடுங்க. கிழமைக்கு கிழமை அவர் வீட்டுச் செலவுக்கு உங்களால ஏலுமான ஒரு தொகைய குடுங்க, ஒவ்வொரு தரமும் "சிகிச்சைக்கும் வீட்டுச் செலவுக்கும் இடைக்கால உதவி" எண்டு எழுதி திகதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து வச்சு கொப்பி வச்சுக்கொள்ளுங்க. டொக்டர் கால் சரி எண்டு சொன்ன பிறகு ரெண்டு பக்கமும் சட்டத்தரணி வச்சு கடைசித் தொகைய பேசுங்க. குடுத்த காசு ஒண்டும் வீணாப்போகாது, கணக்குல கழியும். அவருக்கு சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு திருகோணமலையிலயும் இருக்கு, நீங்களே அவர்ட மகனுக்கு சொல்லுங்க. எதிர்ப்பக்கத்துக்கு வழி காட்டச் சொல்றாவே இந்த அக்கா எண்டு நினைப்பீங்க, ஆனா நியாயமா முடியிற ஒரு உடன்பாடுதான் உங்களையும் காப்பாத்தும், ஆள ஏமாத்தி எடுத்த கையெழுத்து நிக்காது.

அண்ணா சொன்னது

அண்ணா பொய் சொல்லல, அவர் சொன்னது அந்த நாட்டு விசயம். லண்டன்ல சில ஃபுல் இன்சூரன்ஸ்ல, பொலிசிக்குரிய ஆள் மற்றவர்ட கார சம்மதத்தோட ஓடினா மூன்றாம் தரப்பு அளவுக்கு மட்டும் காப்பு குடுக்கிற ஒரு வசனம் இருக்கு. அங்கயும் இப்ப எல்லா பொலிசியிலயும் இல்ல, வயசு குறைஞ்ச ஆக்களுக்கு அநேகமா குடுக்கிறதில்ல, பொலிசியில பெயர் போட்டிருக்கிற மனைவிக்கு பிள்ளைக்கு வராது, ஓடுற காருக்கும் சொந்தமா ஒரு இன்சூரன்ஸ் இருக்க வேணும் எண்டு நிறைய கம்பனி கேக்குது. அப்ப மாமாட சன்னி லண்டன்ல நிண்டிருந்தாலும் உங்களுக்கு உதவியிருக்குமா எண்டுறது சந்தேகம்தான். அங்க 2011ல இருந்து வாகனம் ஓடாம வீட்ட நிண்டாலும் இன்சூரன்ஸ் இருக்க வேணும், இல்லாட்டி ரோட்டுல எடுக்கிறதில்ல எண்டு பதிய வேணும். இன்சூரன்ஸ் இல்லாம பிடிபட்டா 300 பவுண் பைனும் லைசென்ஸ்ல 6 புள்ளியும். இன்சூரன்ஸ் இல்லாத கார் அடிச்ச ஆளுக்கு நட்டஈடு குடுக்க எல்லா கம்பனியும் சேந்து காசு போடுற ஒரு அமைப்பு 1946ல இருந்து அங்க இருக்கு. அந்தப் பழக்கத்துலதான் அண்ணா பேசுறார்.

பிள்ளைய பாக்க அண்ணா வாறார், வந்தா உங்கட வேகன்ஆரை ஓடுவார் எண்டு எழுதியிருக்கீங்க. அவர்ட லண்டன் பொலிசி கட்டுநாயக்க தாண்டி வராது, ஆனா உங்கட பொலிசி அவர ஏத்துக்கொள்ளலாம், அவருக்கு இங்க செல்லுபடியாகிற லைசென்ஸ் இருந்தா. லண்டன் லைசென்ஸ மட்டும் பொக்கட்டுல வச்சுக்கொண்டு இங்க ஓட ஏலாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்து வந்தா அதை கொழும்புல ஆட்டோமொபைல் அசோசியேசன்ல உறுதிப்படுத்த வேணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேணும். அது கையில வாற வரைக்கும் திறப்பை குடுக்காதீங்க, கோணேசர் கோயிலுக்கு மட்டும் போயிட்டு வாறன் எண்டு கேட்டாலும் குடுக்காதீங்க, நீங்களே ஓடிக்கொண்டு போங்க. லீசிங் வாகனம் எண்டதால லீசிங் கம்பனிட்டயும் உங்கட இன்சூரன்ஸ் கம்பனிட்டயும் ஒருக்கா கேட்டு எழுத்துல வாங்கிவையுங்க.

பொலிஸுக்கு போகேக்க எடுத்துட்டு போக வேண்டியது: உங்கட லைசென்ஸ், மாமாட முடிஞ்சுபோன கார்ட், சீஆர் புக் கொப்பி, வேகன்ஆர் கராஜ்ல நிண்டதுக்கு கராஜ்காரர்ட பில். அதோட மனைவி வாட்டுல சேந்த நேரம் எழுதியிருக்கிற ஆஸ்பத்திரி காகிதத்த ரெண்டு கொப்பி எடுங்க. ஐயா சேந்த நேரமும் அதுக்கு கிட்டத்தானே இருக்கும். நீங்க ஏன் அந்த நேரம் அந்த கார்ல அந்த ரோட்டுல இருந்தீங்க எண்டுறதுக்கும், அடிபட்டவர நேரா எங்க கொண்டு போனீங்க எண்டுறதுக்கும் அந்த ரெண்டு நேரமும்தான் சாட்சி, ஒரிஜினல ஆருட்டயும் குடுக்காதீங்க.